முப்பது வருடப் பூட்டைக் கழற்றும் பைத்தான்

2025 அக்டோபர் 7ஆம் தேதி பைத்தான் 3.14 வெளிவந்தது. எண்ணைப் பார்த்ததுமே பள்ளிக்கூடத்து வட்டமும் பை மதிப்பும் பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். உருவாக்கியவர்களும் அந்த விளையாட்டை விடவில்லை. லினக்ஸிலோ மேக்கிலோ இந்தப் பதிப்பை வைத்து ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கிப் பாருங்கள். வழக்கமான பைத்தான் கட்டளையோடு, முன்னெழுத்துகளுக்குப் பதில் பை குறி போட்ட இன்னொரு கட்டளையும் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

இந்த வேடிக்கையில் பெரிய செய்தி கொஞ்சம் மறைந்துபோனது. அதே நாளில், அதே பதிப்பின் இன்னொரு வடிவம் 'அதிகாரபூர்வ ஆதரவு உள்ளது' என்ற தகுதியோடு வந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் நிறுவும்போது தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டளையின் பெயரில் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் 'டி' என்ற ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கும். ஃப்ரீ-த்ரெடட் பைத்தான் என்று அதற்குப் பெயர். 1992இலிருந்து பைத்தானுக்குள் இருந்துவரும் ஒரு பூட்டு அதில் இல்லை.

அந்தப் பூட்டின் முழுப்பெயர் குளோபல் இன்டர்ப்ரெட்டர் லாக். சுருக்கமாக ஜிஐஎல். பைத்தான் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் இந்த மூன்றெழுத்தைக் கேட்காமல் திரும்பியிருப்பது அபூர்வம். அது போகிறது என்பது செய்தி. அதைவிட சுவாரசியமானது, போவதற்கு ஏன் இத்தனை காலம் ஆனது என்பது. திறமை போதாமல் அல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் கெடுக்காமல் கழற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் இத்தனை தாமதம்.

பூட்டு எதற்கு வந்தது?

மடிக்கணினியில் எட்டு கோர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைத்தான் புரோகிராமுக்குள் எட்டு த்ரெட் திறந்து, ஒவ்வொன்றிலும் கணக்குப் போடச் சொன்னால் வேலை எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடிய வேண்டும் அல்லவா? முடியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு த்ரெட்தான் பைத்தான் நிரலை இயக்கலாம். ஜிஐஎல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் முறை. மற்ற ஏழு பேரும் காத்திருக்க வேண்டியதுதான். எட்டு அடுப்பு எரிகிற கல்யாணச் சமையலறையில் ஒரே ஒரு கரண்டி இருப்பது மாதிரி.

இப்படி ஒரு ஏற்பாட்டை ஏன் செய்தார்கள்? காரணம், பைத்தான் நினைவகத்தைக் கையாளும் விதம். பைத்தானில் எண், எழுத்துச்சரம், பட்டியல் என எல்லாமே ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் தலையிலும் ஒரு சிறு எண் இருக்கும். இப்போது எத்தனை இடங்களிலிருந்து அந்த ஆப்ஜெக்ட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்பதன் கணக்கு அது. புதிதாக ஒரு மாறி அதைச் சுட்டினால் ஒன்று கூடும். விட்டுவிட்டால் ஒன்று குறையும். பூச்சியம் ஆன அடுத்த கணமே அந்த நினைவகம் விடுவிக்கப்படும். ரெஃபரன்ஸ் கவுன்டிங் என்று இதைச் சொல்வார்கள்.

இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் அந்த எண்ணில் கைவைத்தால் என்ன ஆகும்? எண் இப்போது 2. முதல் த்ரெட் 2 என்று படிக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் 2 என்றே படிக்கிறது. இருவரும் ஒன்று கூட்டி 3 என்று எழுதுகிறார்கள். உண்மையில் இருக்க வேண்டியது 4. பிறகு ஒவ்வொருவராக ஆப்ஜெக்ட்டை விடும்போது, மூன்றாவது ஆள் விட்டதுமே எண் பூச்சியமாகிவிடும். நான்காவது ஆள் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே நினைவகம் பறிபோகும். புரோகிராம் நடுவழியில் விழும், அல்லது விழாமல் தப்பான விடை தரும். இரண்டாவதுதான் ஆபத்து.

ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பூட்டுப் போடலாம். ஆனால் ஒரு சாதாரண வரியை இயக்கவே இந்த எண்கள் பல முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் பூட்டித் திறந்தால் எல்லாமே ஆமை வேகமாகிவிடும். ஆக, மொத்தத்துக்கும் ஒரே பூட்டு. 1992இல் மேசைக் கணினிகளில் ஒரே ஒரு பிராசஸர்தான். அப்போது பார்த்தால் இது சிக்கனமான, புத்திசாலித்தனமான முடிவு. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் அன்று எடுத்த இந்த வழியால்தான் சி மொழியில் நூலகங்கள் எழுதிப் பைத்தானோடு இணைப்பது சுலபமானது. நம்பை போன்ற நூலகங்கள் வளர்ந்ததும், பிற்பாடு தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் பைத்தான் பக்கம் சாய்ந்ததும் இந்தச் சுலபத்தின் தொடர்ச்சிதான். திட்டித் தீர்க்கப்பட்ட இந்தப் பூட்டுக்கு இந்த நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஜிஐஎல் எல்லா வேலைகளையும் தடுப்பதில்லை. நெட்வொர்க்கிலிருந்தோ டிஸ்க்கிலிருந்தோ பதில் வரக் காத்திருக்கும் த்ரெட், பூட்டை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் காத்திருக்கும். நம்பையும் பெரிய அணிக் கணக்குகளைச் சி நிரலில் போடும்போது பூட்டை விடுவிக்கும். அதனால்தான் இணையதளங்களை நடத்தும் பலருக்கு இதன் வலி தெரியாமலே ஆண்டுகள் ஓடின. சுத்தமான பைத்தான் நிரலில், பல கோர்களில், ஒரே நேரத்தில் கணக்குப் போட வேண்டும் என்று இறங்கியவர்கள்தான் சுவரில் முட்டிக்கொண்டார்கள்.

முட்டிப் பார்த்தவர்கள்

1990களின் பிற்பகுதியிலேயே கிரெக் ஸ்டைன் என்பவர் ஜிஐஎல் இல்லாத பைத்தானைச் செய்து காட்டிவிட்டார். ஓடியது. ஆனால் ஒரே த்ரெட் உள்ள சாதாரணப் புரோகிராம்கள் கிட்டத்தட்ட பாதி வேகத்துக்கு இறங்கின. உலகத்தில் உள்ள பெரும்பாலான பைத்தான் நிரல்கள் அந்தச் சாதாரண வகைதான். யாரோ சிலருக்காக எல்லோரையும் மெதுவாக்குவதா?

2007 செப்டம்பரில் கைடோ இதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். ஒற்றை த்ரெட் புரோகிராமின் வேகம் குறையாது என்றால் மட்டும் ஜிஐஎல்லை நீக்கும் மாற்றத்தை வரவேற்பதாக எழுதினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு இந்த விவாதம் எங்கே எழுந்தாலும் அந்த ஒரு நிபந்தனையைக் காட்டியே முடித்துவைத்தார்கள்.

டேவிட் பீஸ்லி 2010 பைகான் மாநாட்டில் இன்னொரு கோணத்தைக் காட்டினார். கணக்குப் போடும் வேலையை இரண்டு த்ரெட்களாகப் பிரித்து, இரண்டு கோர் உள்ள கணினியில் ஓட்டினால், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது! பூட்டுக்காக இரண்டு த்ரெட்களும் அடித்துக்கொண்டதில் நேரம் போனது. 2011இல் வந்த 3.2 பதிப்பில் ஆன்ட்வான் பித்ரூ பூட்டையே மாற்றி எழுதினார். ஒரு த்ரெட் பூட்டை வைத்திருக்கும்போது இன்னொன்று கேட்டால், இயல்பாக 5 மில்லி விநாடியில் விட்டுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு. சண்டை குறைந்தது. பூட்டு அப்படியேதான் இருந்தது.

2016இல் லாரி ஹேஸ்டிங்ஸ் களமிறங்கினார். பைத்தான் 3.4, 3.5 பதிப்புகளின் வெளியீட்டுப் பொறுப்பாளராக இருந்தவர். தன் திட்டத்துக்கு 'கிலெக்டமி' என்று பெயர் வைத்தார். அறுவை சிகிச்சை செய்து ஓர் உறுப்பை எடுப்பதற்கு மருத்துவர்கள் வைக்கும் பெயர் மாதிரி. பூட்டை எடுத்தும் விட்டார். நோயாளிதான் நடக்கவில்லை. பல கோர்களில் ஓடியும், பழைய ஒற்றைக் கோர் வேகத்தை எட்ட முடியாமல் அந்த முயற்சி நின்றுபோனது.

இதற்கிடையில் மற்றவர்கள் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். 2008இல் 2.6 பதிப்போடு மல்டிபிராசஸிங் என்ற தொகுதி வந்தது. த்ரெட்களுக்குப் பதில் தனித்தனிப் புரோகிராம்களாகவே ஓட்டுவது. ஒவ்வொன்றுக்கும் தனி ஜிஐஎல் என்பதால் தகராறு இல்லை. ஆனால் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தரவை அனுப்ப அதை மூட்டை கட்டி, அனுப்பி, அந்தப் பக்கம் அவிழ்க்க வேண்டும். நினைவகமும் தலைக்கு இவ்வளவு என்று எகிறும்.

இதில் இன்ஸ்டாகிராம் பட்ட பாடு தனிக்கதை. அவர்களுடைய சர்வர்கள் ஜாங்கோவில் ஓடுபவை. தாய்ப் புரோகிராம் ஒன்று எல்லாவற்றையும் ஏற்றிவைத்துக்கொண்டு, பல பிள்ளைகளைப் பிரித்துவிடும். யாரும் எழுதாதவரை, தாயின் நினைவகத்தையே பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம் என்பது லினக்ஸ் தரும் சலுகை. ஆனால் பைத்தானில் ஓர் ஆப்ஜெக்ட்டைப் படித்தாலே அதன் தலையிலுள்ள எண் மாறும். எண் மாறினால் அது எழுத்து. எழுதினால் அந்த நினைவகப் பக்கத்துக்குப் புது நகல் எடுக்க வேண்டும். பயன்படாத ஆப்ஜெக்ட்களைத் தேடிக் கழிக்கும் குப்பை சேகரிப்பான் ஓடும்போது இது இன்னும் மோசமானது. 2017 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் பொறியாளர்கள் குப்பை சேகரிப்பானையே நிறுத்திவிட்டோம் என்று அறிவித்தபோது பலர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள். செயல்திறன் 10 சதவீதம் கூடியது என்பது அவர்கள் கணக்கு. பிறகு அதே நிறுவனப் பொறியாளர்கள் 'சாகாத ஆப்ஜெக்ட்' என்ற யோசனையை முன்வைத்தார்கள். 'நன்', 'ட்ரூ', 'ஃபால்ஸ்' போன்றவை புரோகிராம் முடியும்வரை இருக்கத்தானே போகின்றன, அவற்றுக்கு எதற்கு எண்ணிக்கை? 3.12 பதிப்பில் அது மொழிக்குள்ளேயே வந்தது. அந்தச் சிறு மாற்றம் பின்னால் பெரிய வேலைக்கு உதவப்போகிறது.

சாம் கிராஸின் கணக்கு

2021 அக்டோபரில் மெட்டாவின் சாம் கிராஸ், பைத்தான் 3.9ஐ அடிப்படையாக வைத்து ஒரு மாற்றுப் பைத்தானை வெளியிட்டார். பைடார்ச் உருவான குழுவில் இருந்தவர் அவர். இந்தமுறை ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் வேகம் விழவில்லை. பூட்டை நீக்கியதால் வரும் இழப்பை ஈடுகட்ட, வேறு சில வேக முன்னேற்றங்களையும் அவர் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். "அந்த முன்னேற்றங்களைப் பூட்டை வைத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளலாமே" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

அவர் கையாண்ட உத்திகளில் மையமானது, ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்தது. ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கிய த்ரெட்தான் பெரும்பாலும் அதை அதிகம் பயன்படுத்தும் என்பது கவனித்து அறிந்த உண்மை. எனவே சொந்தக்காரருக்கு என்று ஓர் எண். அதை அவர் யாரையும் கேட்காமல் வேகமாக ஏற்றி இறக்கலாம். மற்ற த்ரெட்களுக்கு என்று பொதுவாக இன்னோர் எண்; அதை மாற்ற மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பூச்சியம் என்றால் விடுவிக்கலாம். இந்த யோசனை 2018இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. இதனுடன் சாகாத ஆப்ஜெக்ட், பட்டியலுக்கும் டிக்‌ஷனரிக்கும் தனித்தனிச் சிறு பூட்டு, மைக்ரோசாஃப்டில் உருவான மிமேலாக் என்ற நினைவக ஒதுக்கி எல்லாம் சேர்ந்துகொண்டன.

2023 ஜனவரியில் இது 'பெப் 703' என்ற முறையான முன்மொழிவாகியது. பெப் என்பது பைத்தானில் எந்தப் பெரிய மாற்றத்துக்கும் எழுத வேண்டிய விண்ணப்பம். அதில் பல நிறுவனங்களின் அனுபவங்களைச் சேர்த்திருந்தார்கள். பத்து த்ரெட்கூட இல்லாத இடங்களிலேயே ஜிஐஎல் கழுத்தை நெரிக்கிறது என்று டீப்மைண்ட் தரப்பு சொன்னது அவற்றில் ஒன்று. மெட்டா வெறும் வாழ்த்தோடு நிற்கவில்லை. ஏற்றுக்கொண்டால் மூன்று பொறியாளர்-ஆண்டு உழைப்பைத் தருவதாக எழுத்திலேயே உறுதி கொடுத்தது.

முடிவெடுக்க வேண்டியவர் இப்போது கைடோ இல்லை. அவர் 2018 ஜூலையிலேயே தலைமையை உதறிவிட்டார். 'பெப் 572' என்ற முன்மொழிவு, கோலனும் சமக்குறியும் சேர்ந்த ஒரு குறியீட்டைப் பற்றியது. அதன் மேல் நடந்த சண்டை அவரைக் களைப்படையச் செய்திருந்தது. 2019 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு நிர்வகிக்கிறது. 2023 ஜூலை 28இல் அந்தக் குழு "ஏற்கப் போகிறோம்" என்று முன்கூட்டியே அறிவித்தது. அக்டோபர் 24இல் முறைப்படி ஏற்றது.

ஏற்றதோடு விட்டுவிடவில்லை. மூன்று கட்டம் என்றது குழு. முதலில் பரிசோதனை. அடுத்து, ஆதரவு உண்டு, ஆனால் கேட்டால் மட்டும். கடைசியில் எல்லோருக்கும் இயல்பாக. எந்தக் கட்டத்திலும் சரிப்படவில்லை என்று தெரிந்தால் திரும்பிப் போவோம் என்பதும் எழுத்தில் உள்ளது.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை?

பைத்தான் உலகம் ஒருமுறை சூடு கண்டது. 2008 டிசம்பர் 3இல் வெளியான 3.0 பதிப்பு, பழைய 2ஆம் வரிசை நிரல்களோடு ஒத்துப்போகாது. சில ஆண்டுகளில் எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். நூலகங்கள் மாறவில்லை என்று நிறுவனங்கள் மாறவில்லை. நிறுவனங்கள் மாறவில்லை என்று நூலகங்கள் மாறவில்லை. 2.7க்கான ஆதரவை 2015இல் முடிப்பதாக இருந்து, 2020 ஜனவரி 1 வரை இழுத்தார்கள். பதினோரு ஆண்டு இழுபறி அது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மாற்றம் லாபம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் 2இல் கேட்டால், வழக்கமான யூடிஎஃப்-8 கோப்பில், 15 என்று பதில் வரும். அது பைட் கணக்கு. பைத்தான் 3 சொல்வது 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. படிக்கிற நமக்கு அது மூன்றெழுத்து. அந்தக் கடைசித் தூரத்தைக் கடக்க ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் இருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். 15ஐ வைத்துக்கொண்டு திண்டாடியவர்களுக்கு 5 என்பது பெரிய விடுதலை.

இருந்தாலும், இன்னொரு 2-லிருந்து-3 வேண்டவே வேண்டாம் என்பதில் பைத்தான்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி. பூட்டை எடுக்கும் வேலை ஒவ்வோர் அடியாக நகர்வது அதனால்தான்.

இப்போது எங்கே நிற்கிறது?

2024 அக்டோபர் 7இல் வந்த 3.13தான் முதல் கட்டம். ஓடியது, ஆனால் ஒற்றை த்ரெட் நிரல்கள் ஏறத்தாழ 40 சதவீதம் மெதுவாகின. 3.11இல் வந்த வேகமூட்டும் ஏற்பாட்டைப் பூட்டில்லாத வடிவத்தில் அணைத்து வைக்க வேண்டியிருந்தது அதற்கு முக்கியக் காரணம். 3.14இல் அதைச் சரிசெய்து, இழப்பை 5 முதல் 10 சதவீதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே ஆண்டில் 40லிருந்து 10க்குள் என்பது சாதாரண வேலை இல்லை. 'பெப் 779' வழியாக இரண்டாவது கட்டமும் தொடங்கிவிட்டது. 'பரிசோதனை' என்ற முத்திரை போய்விட்டது.

நிறுவிப் பார்ப்பவர்கள் முதலில் சந்திப்பது ஓர் எச்சரிக்கை வரியாகத்தான் இருக்கும். சி மொழியில் எழுதிய ஏதாவது பழைய நூலகத்தை இம்போர்ட் செய்தால், "இந்தத் தொகுதி பூட்டில்லாமல் ஓடத் தயார் என்று சொல்லவில்லை, எனவே ஜிஐஎல்லைத் திரும்பப் போட்டுவிட்டேன்" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதன்பின் அந்தப் புரோகிராம் முழுவதும் பழையபடி ஒற்றைப் பூட்டில்தான் ஓடும். கவனிக்காமல் விட்டால், புதிய பைத்தானில் வேகத்தை அளந்துவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்க வேண்டிவரும். நம்பை 2024 ஆகஸ்டில் வந்த 2.1 பதிப்பிலேயே தொடக்கநிலை ஆதரவைச் சேர்த்துவிட்டது. சைத்தான் 2025இல் 3.1 பதிப்போடு சேர்ந்துகொண்டது. பிரபலமான நூலகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. யாரும் கவனிக்காத சிறு நூலகங்கள்தான் கடைசிவரை காலை வாரும்.

நம் சொந்த நிரலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு த்ரெட்கள் ஒரே பட்டியலில் உறுப்புகளைச் சேர்த்தால் பட்டியல் உடையாது. அதற்குத் தனிப் பூட்டு உள்ளே இருக்கிறது. ஆனால் ஒரு பொது எண்ணிப்பானை இரண்டு த்ரெட்களும் ஒவ்வொன்றாகக் கூட்டினால் கணக்கு தவறலாம். படி, கூட்டு, எழுது என்று மூன்று வேலை அதில் இருக்கிறது. ஜிஐஎல் இருந்த காலத்திலும் இதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. த்ரெட் மாறும் நேரம் தோதாக அமைந்ததால் பல நிரல்கள் அதிர்ஷ்டத்தில் பிழைத்து வந்தன. இனி அந்த அதிர்ஷ்டம் கிடையாது. எண்ணிப்பானுக்கு நாமே லாக் போட வேண்டும்.

வேகத்துக்கு இன்னொரு வழி, அதன் செலவு

பூட்டை எடுப்பது ஒரு வழி. ஒற்றை த்ரெட்டையே வேகமாக ஓட வைப்பது இன்னொரு வழி. 2020 நவம்பரில் ஓய்விலிருந்து எழுந்து மைக்ரோசாஃப்டில் சேர்ந்த கைடோவும், மார்க் ஷானனும் அவர்கள் குழுவும் அதில் இறங்கினார்கள். நான்கு பதிப்பில் ஐந்து மடங்கு வேகம் என்பது இலக்கு. 2022இல் வந்த 3.11, தர அளவீடுகளில் சராசரியாக 1.25 மடங்கு வேகம் காட்டியது. ஒரு மொழிப் பதிப்பை மாற்றியதற்கே, நிரலில் ஒரு வரி தொடாமல், கால் பங்கு வேகம் என்பது கொண்டாட வேண்டிய விஷயம். ஐந்து மடங்கு என்ற கனவு மட்டும் கைகூடவில்லை.

அடுத்து ஜிட் கம்பைலர். ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஏற்பாடு. 2023 கிறிஸ்துமஸ் அன்று பிராண்ட் புக்கர் இதற்கான மாற்றத்தைச் சமர்ப்பித்தபோது, விளக்கவுரையைக் கிறிஸ்துமஸ் பாட்டின் பாணியில் செய்யுளாகவே எழுதியிருந்தார்! 3.14இன் விண்டோஸ், மேக் நிறுவிகளில் ஜிட் உள்ளேயே வருகிறது. வேண்டுமென்றால்தான் இயக்க வேண்டும். பலன்? வேலையைப் பொறுத்து 10 சதவீதம் மெதுவாகவும் ஆகலாம், 20 சதவீதம் வேகமாகவும் ஆகலாம் என்று ஆவணத்திலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,000 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, இந்த வேகக் குழுவின் முக்கிய உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். பிட்ஸ்பர்க் நகரில் அந்த ஆண்டு பைகான் தொடங்கும் வாரம் அது. பைத்தான் இலவசம் என்று சொல்கிறோம். அதை முழுநேரம் உழைத்து உருவாக்குகிறவர்களின் சம்பளம் ஒரு சில நிறுவனங்களின் தயவில் இருக்கிறது. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் ஆண்டு பட்ஜெட்டே சுமார் 50 லட்சம் டாலர்தான். அதே அறக்கட்டளை 2025 அக்டோபரில், பைத்தான் நூலகங்களின் களஞ்சியமான பைபிஐ தளத்தின் பாதுகாப்புக்காகக் கிடைக்கவிருந்த 15 லட்சம் டாலர் அமெரிக்க அரசு மானியத்துக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. பன்முகத்தன்மைக்கான பணிகளை நடத்த மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளச் சொன்ன நிபந்தனை அவர்களுக்குச் சம்மதமில்லை. உலகம் முழுக்க வங்கிகளும் ஆய்வுக்கூடங்களும் நம்பியிருக்கும் ஒரு மொழியின் நிதி நிலைமை இவ்வளவுதான்.

சின்ன மாற்றங்கள், அன்றாடப் பலன்

பூட்டும் ஜிட்டும் தலைப்புச் செய்திகள். அன்றாடம் நிரல் எழுதுகிறவர் உணர்வது வேறு. 3.10இலிருந்து பிழைச் செய்திகள் மனிதர் பேசுவது மாதிரி ஆகிவிட்டன. 3.14இல் 'வைல்' என்ற கட்டளைச் சொல்லில் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டால், "நீங்கள் எழுத நினைத்தது இதுவா?" என்று சரியான சொல்லைக் காட்டிக் கேட்கிறது. முதல் செமஸ்டர் மாணவருக்கு இது எந்த ஜிட்டைவிடவும் பெரிது.

3.13இல் பழைய தொகுதிகள் 19ஐ ஒரே வீச்சில் நீக்கினார்கள். டெல்நெட், சிஜிஐ போன்றவை அதில் போயின. 'பேட்டரியும் சேர்ந்தே வரும்' என்பது பைத்தானின் பழைய பெருமை. அதில் செத்த பேட்டரிகளை எடுத்துப் போட்டதாக அவர்களே சொல்கிறார்கள். பழைய அலுவலகத்துச் சர்வரில் சிஜிஐ நிரல் வைத்திருப்பவர்கள் பதிப்பை ஏற்றுவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து வரும் 3.15இல் தமிழர்களுக்குப் பிடித்த ஒரு மாற்றம் இருக்கிறது. விண்டோஸில் ஒரு தமிழ்க் கோப்பை என்கோடிங் குறிப்பிடாமல் திறந்தால், விசித்திர எழுத்துகளோ யூனிகோடு பிழையோ வருவது நீண்டநாள் தொல்லை. விண்டோஸின் பழைய இயல்பு என்கோடிங்கைப் பைத்தான் எடுத்துக்கொள்வதுதான் காரணம். 'பெப் 686'இன்படி 3.15 முதல் எல்லா இடங்களிலும் யூடிஎஃப்-8தான் இயல்பு. அதுவரை, கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங்கை எழுதிவிடுங்கள். அதே 3.15க்காக, தேவைப்படும்போது மட்டும் நூலகத்தை ஏற்றும் சோம்பல் இம்போர்ட் முறைக்கும் 2025 நவம்பரில் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்?

வாடிக்கையாளர் நம்பியிருக்கும் சர்வரில் இன்றைக்கே 'டி' வடிவத்தை ஏற்ற வேண்டியதில்லை. ஜாங்கோ, ஃபிளாஸ்க் என்று தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பதே பெரும்பாலான வேலை என்றால் உங்களுக்கு இதில் உடனடி லாபமும் அதிகம் இல்லை. மாறாக, படங்களையோ பெரிய கோப்புகளையோ பைத்தானிலேயே அரைக்கும் வேலை என்றால், மல்டிபிராசஸிங்கில் நினைவகம் வீங்கித் தவிக்கிறீர்கள் என்றால், ஒரு பரிசோதனைக் கணினியில் 3.14இன் பூட்டில்லா வடிவத்தைப் போட்டு அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன் அந்த எச்சரிக்கை வரி வருகிறதா என்று பாருங்கள். நூலகம் எழுதி வெளியிடுகிறவர் என்றால் காத்திருக்காமல் சோதனையைத் தொடங்குவதுதான் முறை. உங்கள் ஒரு நூலகத்துக்காகப் பத்துப் பேரின் புரோகிராமில் பூட்டு திரும்பி வரும்.

மூன்றாவது கட்டத்துக்கு, அதாவது பூட்டில்லாத பைத்தானே எல்லோருக்கும் இயல்பாகும் நாளுக்கு, வழிகாட்டுக் குழு இன்னும் தேதி குறிக்கவில்லை. குறிக்காததே சரி.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று எல்லோருக்கும் பொது. ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுதான் ஆதரவு. 3.9க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. 3.10க்கு 2026 அக்டோபர்வரைதான் கெடு. உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.